வருசத்தில ஒரு கிழமைக்குச் சொந்தக்காரர்

20,000 டொலருக்கு மேல் குடுத்து வாங்கின ஒரு பொருளை ஒருவர் ஒரு டொலருக்கு விற்கப் போடுகிறார். ஒருத்தரும் கேட்கவில்லை. பிறகு, சும்மா தாறன், பெயர் மாத்துற செலவையும் நானே கட்டிறன் என்று எழுதுகிறார். அதுக்கும் ஆளில்லை. பொருளில் ஒரு பழுதும் இல்லை. எரியவில்லை, இடியவில்லை. கடற்கரைக்குப் பக்கத்தில் நீச்சல் தடாகத்தோடும் வெள்ளை விரித்த கட்டிலோடும் அது அப்படியேதான் இருக்கிறது. ஈபே மாதிரியான தளங்களில் இப்படியான விளம்பரங்களை ஆரும் தேடிப் பார்க்கலாம்.

அந்தப் பொருளுக்குப் பெயர் டைம்ஷெயார். ஒரு விடுமுறை வீட்டைக் கிழமை கிழமையாகப் பிரித்து, ஒவ்வொரு கிழமையையும் ஒவ்வொரு ஆளுக்கு விற்கிற முறை. வாங்கினவர் வருசத்தில் அந்த ஒரு கிழமைக்கு அந்த வீட்டுக்குச் சொந்தக்காரர். மிச்சம் 51 கிழமையும் வேறு வேறு ஆக்களுடையது.

சும்மா குடுத்தாலும் வாங்க ஆளில்லாத ஒன்றைச் சொத்து என்று எப்படி விற்றார்கள்? சனம் ஏன் வாங்கினது? இது அமெரிக்காவிலையும் ஸ்பெயினிலையும் நடக்கிற கதை, எங்களுக்கு என்ன என்று கேட்கலாம். நாங்களும் முதலில் அப்படித்தான் நினைத்தோம். ஆனா "சொந்தம்", "உறுதி", "பங்கு" என்ற சொற்களை எங்களவு கனமாகப் பாவிக்கிற சமூகம் குறைவு. எங்கட வயதில் உள்ள ஆக்கள் ஒவ்வொரு மாசமும் வெளிநாட்டுக்கு ஏறிக்கொண்டிருக்கிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறோம்.

எப்படித் தொடங்கியது

ஒரு நல்ல யோசனையில் இருந்துதான் இது தொடங்கியது. விடுமுறை வீடு வைத்திருக்கிற ஒருவர் வருசத்தில் இரண்டு மூன்று கிழமைதான் அங்கே போய் நிற்பார். மிச்ச நாள் எல்லாம் வீடு பூட்டிக் கிடக்கும். கூரை ஒழுகினால் காசு, தோட்டம் வளர்ந்தால் காசு, வரி வேறு. அப்படியென்றால் பல பேர் சேர்ந்து ஏன் வைத்திருக்கக்கூடாது? 1963இல் சுவிற்சர்லாந்தில் தொடங்கின ஹாபிமாக் என்ற நிறுவனம் இந்த எண்ணத்தில் பிறந்ததுதான். சேர்ந்தவர்கள் பங்கு வாங்குவார்கள், அந்தக் காசில் நிறுவனம் விடுமுறை வீடுகளை வாங்கும், பங்குக்கு ஏற்ற மாதிரி எல்லாரும் முறை வைத்துத் தங்குவார்கள். இதில் ஒளிப்பு மறைப்பு ஒன்றும் இல்லை.

அமெரிக்காவில் இது வேறு தேவைக்குப் பயன்பட்டது. 1970களின் நடுப்பகுதியில், எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, புளோரிடாவில் கட்டி முடித்த தொடர்மாடி வீடுகள் விலைப்படாமல் கிடந்தன. முழு வீட்டை வாங்க ஆளில்லை. ஆனா ஒரு கிழமையை வாங்க ஆள் இருந்தது. கட்டினவர்களுக்கு ஒரு விசயம் விளங்கியது: வீட்டை மொத்தமாக விற்கிறதிலும் பார்க்க துண்டு துண்டாக விற்றால் வாற காசு கூட.

1974இல் இண்டியானாபொலிஸ் நகரத்தில் ஆர்.சி.ஐ. என்ற பரிமாற்ற நிறுவனம் தொடங்கியது. "ஒவ்வொரு வருசமும் அதே இடத்துக்கா போறது?" என்று யோசிக்கிறவர்களுக்கு அது ஒரு பதில் வைத்திருந்தது. உங்கட கிழமையை இங்கே போடுங்கோ, வேறு ஒருத்தரின் கிழமையை எடுத்துக்கொண்டு வேறு ஊருக்குப் போங்கோ. அதுக்கு ஒரு உறுப்புரிமைக் கட்டணம், ஒவ்வொரு மாற்றத்துக்கும் இன்னொரு கட்டணம்.

இன்றைக்கு இது பல வடிவத்தில் இருக்கிறது. சிலது உண்மையாகவே உறுதி எழுதித் தாறது. காணிப் பதிவில் உங்கட பெயர் விழும், வருசத்தின் 26ஆவது கிழமை என்றால் அந்தக் கிழமை உங்களுடையது. சிலதில் பெயர் ஒரு பதிவிலும் விழாது, குறிப்பிட்ட வருசத்துக்குப் பாவிக்கிற உரிமை மட்டும்தான். இந்தியாவில் கிளப் மஹிந்திரா விற்கிற 25 வருச உறுப்புரிமை இந்த வகை. அதில் பருவத்துக்கு ஊதா, சிவப்பு, வெள்ளை, நீலம் என்று நிறம் குடுத்திருப்பார்கள். ஊதா வாங்கினவருக்கு உச்சப் பருவத்திலும் போகலாம், நீலம் வாங்கினவருக்கு மற்ற ஆக்கள் போகாத காலம்தான். இப்ப கூடுதலாக நடக்கிறது புள்ளி முறை. கிழமையும் இல்லை, வீட்டு இலக்கமும் இல்லை. வருசத்துக்கு இத்தனை புள்ளி, அதைக் குடுத்து எங்கே இடம் இருக்கிறதோ அங்கே தங்கலாம். பள்ளிக்கூட விடுமுறைக்கு அறை கேட்டால் புள்ளி கூட வேணும். நீங்கள் கேட்கிற நாளில் அறை இல்லாமலும் போகலாம்.

வடிவம் மாற மாற வீடு கையில் இருந்து நழுவிக்கொண்டே போகிறதைக் கவனியுங்கோ. முதலில் ஒரு வீட்டில் ஒரு கிழமை. பிறகு ஏதோ ஒரு வீட்டில் ஏதோ ஒரு கிழமை. கடைசியில் ஒரு எண். மாறாமல் இருக்கிறது ஒன்றுதான், வருசக் கட்டணம்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

அமெரிக்காவில் இந்தத் தொழிலின் சங்கம் அர்டா. அவர்களுடைய அண்மைய அறிக்கைகளின்படி புதிதாக வாங்குகிற ஒரு டைம்ஷெயாருக்குச் சராசரி விலை 20,000 டொலருக்கு மேல், வருசப் பராமரிப்புக் கட்டணம் 1,000 டொலருக்கு மேல். கணக்குக்கு வசதியாக விலை 24,000, கட்டணம் 1,200 என்று வைப்போம்.

முதலில் விற்கிறவரின் பக்கம். திருத்த வேலைக்கு ஒரு கிழமையை விட்டால் ஒரு அறைக்கு 51 கிழமை விற்கலாம். 51ஐ 24,000ஆல் பெருக்கினால் 12,24,000 டொலர். பக்கத்துத் தெருவில் அதே அளவு வீடு முழுசாக இரண்டரை இலட்சம் டொலருக்குப் போகிறது என்றே வைத்தாலும், கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. இந்தக் காசு எல்லாம் இலாபம் இல்லை. ஆளைப் பிடித்து, சாப்பாடு குடுத்து, பரிசு குடுத்து, தரகு குடுத்து விற்கிற செலவே விலையில் பெரும் பங்கைத் தின்னும். அதாவது, உங்களை வாங்க வைக்கிறதுக்கு ஆன செலவையும் நீங்கள்தான் கட்டுகிறீர்கள். வாங்கின அடுத்த நாளே விலை விழுகிறதுக்கு முக்கிய காரணம் இதுதான்.

இனி வாங்கினவரின் பக்கம். கையில் 24,000 டொலரோடு விடுமுறைக்குப் போகிறவர் ஆர்? அதனால் விற்கிற கம்பனியே கடனும் தரும். 2,400 கட்டி, மிச்சம் 21,600ஐ 14 வீத வட்டிக்கு 10 வருசத்தில் கட்டுகிறது என்றால் மாசம் கிட்டத்தட்ட 335 டொலர். 10 வருசத்தில் கடனுக்கு மட்டும் 40,000க்கு மேல் போயிருக்கும். இந்தத் துறையில் வட்டி 10 வீதத்தைத் தாண்டுகிறது வழமை.

கடன் ஒரு நாளைக்கு முடியும். பராமரிப்புக் கட்டணம் முடியாது. 1,200ஐ 7 இரவால் பிரித்தால் ஒரு இரவுக்கு 171 டொலர். வாங்கின விலையையும் வட்டியையும் மறந்துவிட்டாலும் இரவுக்கு 171. அதே ஊரில், பருவம் இல்லாத காலத்தில், அந்தக் காசுக்கோ அதிலும் குறைவாகவோ நல்ல ஹோட்டல் அறை கிடைக்கும், அடுத்த வருசம் போகாவிட்டால் ஒருத்தரும் பில் அனுப்பவும் மாட்டார்கள். கட்டணம் வருசம் 5 வீதத்தால் கூடினால் 20 வருசத்தில் அது 3,180 டொலரைத் தாண்டும். சூறாவளி வந்து கூரையைக் கொண்டு போனால் "விசேட அறவீடு" என்று இன்னொரு பில் வரும். நீங்கள் அந்த வருசம் போனீர்களா இல்லையா என்று ஒருத்தரும் கேட்கப் போவதில்லை.

இந்தக் கட்டணத்தை ஆர் தீர்மானிக்கிறது? தாளில் பார்த்தால் உரிமையாளர் சங்கம். நடைமுறையில் உரிமையாளர்கள் ஆயிரக்கணக்கில், வேறு வேறு நாட்டில், ஒருத்தரை ஒருத்தர் தெரியாமல் இருக்கிறார்கள். விற்காத கிழமைகளின் வாக்கு கட்டினவரின் கையில். முகாமை செய்கிற கம்பனியும் பெரும்பாலும் அவருடையதுதான்.

அந்த மேசை

டைம்ஷெயாரை ஒருத்தரும் கடைக்குப் போய் வாங்குகிறதில்லை. சனத்தைக் கூட்டிக்கொண்டு போய்த்தான் விற்கிறார்கள். ஓர்லாண்டோவில் டிஸ்னி பார்க்கப் போன குடும்பத்துக்கு ஹோட்டல் வாசலிலோ கடைத்தெருவிலோ ஒருவர் சிரித்த முகத்தோடு மலிவு டிக்கெட் தருவார். பதிலுக்கு 90 நிமிசம் இருந்து ஒரு விளக்கத்தைக் கேட்டால் போதும். காலைச் சாப்பாடு உண்டு. பிள்ளைகளைப் பார்க்க ஆள் உண்டு.

90 நிமிசம் மூன்று நாலு மணித்தியாலம் ஆகும். முதலில் உங்கட பிள்ளைகளின் பெயர், கடைசியாக எங்கே போனீங்கள், வருசம் ஹோட்டலுக்கு எவ்வளவு செலவழிக்கிறீங்கள் என்று கதை. "குடும்பத்தோட நேரம் செலவழிக்கிறது முக்கியம்தானே?" என்று கேட்பார்கள். இல்லை என்று ஆர் சொல்லுவார்? பிறகு விலை. நீங்கள் தலை ஆட்ட, "மனேஜர்" வருவார், விலை இறங்கும். திரும்பத் தலை ஆட்ட இன்னொருவர், இன்னும் இறங்கும். ஆனா இந்த விலை இன்றைக்கு மட்டும்தான். வீட்டுக்குப் போய் யோசித்துவிட்டு வாறம் என்றால் அந்த விலை இல்லை.

பொருள் நல்லது என்றால் நாளைக்கும் அதே விலைக்கு ஏன் தர ஏலாது? இந்த ஒரு கேள்வியை வீட்டில் அமைதியாக இருந்து கேட்க விடக்கூடாது என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு முழுக்க.

கொழும்பில் ஹோட்டல் மண்டபத்துக்கு "ஒரு பிஸ்னஸ் விசயம்" என்று நண்பர் கூப்பிட்டுப் போனவர்களுக்கு இந்த மேசை பழக்கமாகத்தான் இருக்கும். பிரமிட் திட்டங்களை இலங்கையின் வங்கிச் சட்டம் தடை செய்திருக்கிறது. டைம்ஷெயார் பிரமிட் இல்லை. ஆளைச் சேர்க்கச் சொல்லாது, வீடு உண்மையிலேயே இருக்கும், சட்டத்துக்கு உட்பட்ட வியாபாரம். அதனால்தான் இதை விளங்கப்படுத்துகிறது இன்னும் கஷ்டம். ஒருத்தரும் பொய்க் காணியைக் காட்டவில்லை. உண்மையான வீட்டைக் காட்டி, வேறு ஒன்றுக்குக் கையெழுத்து வாங்கினார்கள்.

இந்தத் தொழிலின் உள்பக்கத்தைப் பார்க்க விரும்புகிறவர்கள் லோரன் கிரீன்ஃபீல்ட் இயக்கிய "த குயின் ஒஃப் வேர்சாய்" என்ற 2012ஆம் ஆண்டு ஆவணப்படத்தைத் தேடிப் பாருங்கோ. வெஸ்ட்கேட் என்ற பெரிய டைம்ஷெயார் கம்பனியின் முதலாளி டேவிட் சீகலும் மனைவி ஜாக்கியும் பிரான்ஸின் வேர்சாய் அரண்மனையைப் பார்த்து புளோரிடாவில் 90,000 சதுர அடி வீடு ஒன்றைக் கட்டத் தொடங்குகிறார்கள். 2008 வருகிறது. வங்கிகள் கடனை நிறுத்துகின்றன. வாங்குகிற சனத்துக்குக் கடன் குடுக்கக் கம்பனியிடம் காசில்லை, விற்பனை சரிகிறது, அரண்மனை பாதியில் நிற்கிறது. மற்றவர்களுக்கு ஒரு கிழமை வீட்டை விற்றவர் தனக்கு அமெரிக்காவின் மிகப் பெரிய வீடுகளில் ஒன்றைக் கட்டத் தொடங்கினார் என்ற முரணைப் பற்றித்தான் எல்லாரும் எழுதினார்கள். எங்களுக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது வேறு: கடன் நின்ற உடனே எல்லாம் நின்றது. அப்போ அந்தக் கம்பனி விற்றது அறையையா, கடனையா?

வாசல் எங்கே?

எங்களில் ஒருத்தியின் சித்தப்பா கனடாவில் இருக்கிறார். 10 வருசத்துக்கு முதல் குடும்பத்தோடு ஓர்லாண்டோவுக்குப் போன இடத்தில் இப்படி ஒரு மேசையில் இருந்து கையெழுத்து வைத்தார். கம்பனியின் பெயர் இங்கே தேவையில்லை. ஊரில் சொந்தக்காரர் மத்தியில் "அவருக்கு அமெரிக்காவில வீடு இருக்கு" என்ற கதை பரவியது. அவரும் மறுத்துச் சொல்லவில்லை. ஊருக்கு அது வீடு. அவருக்கு அது ஒவ்வொரு தை மாசமும் வாற பில். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், டிஸ்னிக்கு ஒருத்தரும் போகிறதில்லை. போன வருசம் இங்கே வந்தபோது, "சித்தப்பா, அதை விக்கலாமே?" என்று கேட்டதுக்கு, "விக்கிறதா? குடுக்கவே ஏலாது பிள்ளை" என்றார். அதுக்கு மேல் அவர் ஒன்றும் கதைக்கவில்லை.

கதைக்காமல் விட்டதுதான் எங்களுக்கு உறைத்தது. வாங்கினதைப் பெருமையாகச் சொல்லலாம், ஏமாந்ததைச் சொல்ல மானம் விடாது. இந்த வியாபாரம் அந்த மௌனத்திலும் பிழைக்கிறது.

"குடுக்கவே ஏலாது" என்று அவர் சொன்னது வெறும் பேச்சு இல்லை. பல ஒப்பந்தங்களுக்கு முடிவுத் திகதியே கிடையாது. என்றென்றைக்கும் என்று எழுதியிருக்கும். விற்கிறவர் அதை நல்ல செய்தியாகத்தான் சொல்லியிருப்பார்: "உங்கட பிள்ளைகளுக்கும் போகும்." ஆனா போகிறது வீடு மட்டும் இல்லை, பில்லும்தான். கட்டாமல் விட்டால் கடன் அறவிடுகிற நிறுவனம் வரும், கடன் மதிப்பெண் விழும், பிறகு கார் வாங்கவும் வீடு வாங்கவும் வங்கி யோசிக்கும்.

இதை ஒரு நாட்டின் உயர் நீதிமன்றமே கேள்வி கேட்டது. ஸ்பெயினில் 1999 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த சட்டம், டைம்ஷெயார் ஒப்பந்தம் 3 வருசத்துக்குக் குறையவும் கூடாது, 50 வருசத்துக்குக் கூடவும் கூடாது என்றது. கம்பனிகள் பழையபடி முடிவில்லாத ஒப்பந்தத்தையே விற்றுக்கொண்டிருந்தன. கிரான் கனேரியா தீவின் அன்ஃபி உல்லாச விடுதியில் வாங்கின ஒரு நோர்வேப் பெண் வழக்குப் போட்டார். 2015 ஜனவரியில் ஸ்பெயின் உயர் நீதிமன்றம் அந்த ஒப்பந்தம் செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது. அதுக்குப் பிறகு நூற்றுக்கணக்கான வழக்குகள் அதே வழியில் போயின. ஒரு முடிவுத் திகதி இல்லை என்ற ஒரே குறை ஒரு தொழிலையே ஆட்டியது.

வெளியேற வழியில்லாத இடத்தில் "வழி காட்டிறம்" என்று வாறவர்களும் வருவார்கள். உங்கட கிழமையை வாங்க ஆள் இருக்கு, முதலில் வரியையும் கட்டணத்தையும் அனுப்புங்கோ என்று தொலைபேசி வரும். காசு போகும், வாங்குகிற ஆள் வரமாட்டார். இது சின்னத் திருட்டு இல்லை. மெக்சிக்கோவின் ஜலிஸ்கோ போதைப்பொருள் கும்பலே இதை ஒரு தொழிலாக நடத்துகிறது என்று அமெரிக்க அரசு 2023இல் தடைகள் விதித்தது. 2019 முதல் 2023 வரை கிட்டத்தட்ட 6,000 அமெரிக்கர்கள் மொத்தமாக ஏறத்தாழ 30 கோடி டொலரை இழந்ததாக முறையிட்டார்கள் என்று எஃப்.பி.ஐ.யும் அமெரிக்கத் திறைசேரியும் சொல்கின்றன. பெரும்பாலும் வயது போனவர்கள். முதல் தரம் மேசையில் இழந்தார்கள், இரண்டாம் தரம் அந்த மேசையில் இருந்து எழும்ப முயன்றதில் இழந்தார்கள்.

பங்கு எங்களுக்குப் புதிதில்லை

நேரத்தைப் பங்கு போடுகிறது பிழையான வேலை என்று நாங்கள் சொல்லவில்லை. எங்கட ஊரில் அது எப்பவோ இருக்கிறது. வலிகாமத்துத் தோட்டக் காணி உறுதியை எடுத்துப் பாருங்கோ, காணியோடு கிணற்றுப் பங்கும் வழி வாய்க்கால் பாத்தியதையும் எழுதியிருக்கும். நாலைந்து பேருக்கு ஒரு பங்குக் கிணறு. இன்றைக்கு உங்கட இறைப்பு முறை, நாளைக்கு என்னுடையது. கிணறு இறைத்துச் சுத்தம் செய்கிற செலவு பங்குக்கு ஏற்ற மாதிரி. கோயிலில் உபயமும் அப்படித்தான். ஐந்தாம் திருவிழா ஒரு குடும்பத்துக்கு, ஆறாம் திருவிழா இன்னொரு குடும்பத்துக்கு. வருசத்தில் ஒரு நாள், வருசா வருசம் செலவு, தகப்பனுக்குப் பிறகு பிள்ளைக்கு. முடிவுத் திகதியும் இல்லை. கொஞ்சம் யோசித்தால் டைம்ஷெயார் மாதிரியேதான் இருக்கிறது.

ஆனா வித்தியாசம் இருக்கிறது. கிணற்றுப் பங்குகாரருக்கு மற்றப் பங்குகாரரின் வீடு தெரியும். செலவு கூடிப்போச்சென்றால் வேலிக்கு மேலால் நின்று சண்டை பிடிக்கலாம். உபயம் செய்ய வசதி இல்லாமல் போனால் கோயில் சபைக்குச் சொல்லி விடலாம், அதை எடுக்க இன்னொரு குடும்பம் காத்துக்கொண்டிருக்கும். பங்கு விற்கிறதென்றால், 1707இல் ஒல்லாந்தர் தொகுத்து எழுதின தேசவழமையில் பங்காளிக்கு முன்கொள்வனவு உரிமை உண்டு, முதலில் அவரைக் கேட்கவேணும். அதாவது, பங்குக்கு ஒரு விலையும் அதை வாங்க ஒரு ஆளும் இருக்கும் என்று சட்டமே எதிர்பார்க்கிறது.

ஒருத்தரோடும் ஒத்துவராவிட்டால் கடைசி வழியும் இருக்கிறது. இலங்கையின் 1977ஆம் ஆண்டு 21ஆம் இலக்கப் பாகப்பிரிவினைச் சட்டத்தின்படி எந்தக் கூட்டு உரிமையாளரும் நீதிமன்றத்துக்குப் போய் "என்ர பங்கைப் பிரிச்சுத் தாங்கோ" என்று கேட்கலாம். பிரிக்க ஏலாத காணி என்றால் விற்றுக் காசைப் பிரிக்கச் சொல்லும். அந்த வழக்குகள் தாத்தா போட்டுப் பேரன் போய் நிற்கிற அளவுக்கு இழுபடும், அது எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் அந்தச் சட்டத்துக்குப் பின்னால் உள்ள எண்ணம் பெரியது: ஒருவரை அவருடைய விருப்பத்துக்கு மாறாகக் கூட்டுச் சொத்தில் கட்டி வைக்க ஏலாது.

டைம்ஷெயார் கழற்றி எறிந்தது இந்த எண்ணத்தைத்தான். பங்கு என்ற சொல்லை வைத்துக்கொண்டது, பங்குகாரரின் குரலையும் வெளியேறுகிற உரிமையையும் எடுத்துவிட்டது. சொந்தம் என்றால் வைத்திருக்கவும் விற்கவும் விடவும் ஏலவேணும். இதில் வைத்திருக்கலாம், அவ்வளவுதான். வைத்திருந்தே ஆகவேணும் என்று சொல்கிறது இன்னும் பொருத்தம். அப்படியென்றால் அவர்கள் விற்றது சொத்தை இல்லை, ஒரு கடமையை. கடமையை ஒருத்தரும் காசு குடுத்து வாங்கமாட்டார்கள் என்பதால் அதுக்குச் சொத்து என்று பெயர் வைத்தார்கள்.

"வாசிச்சுக் கையெழுத்து வைச்சிருக்கலாமே"

இதை எழுத முதல் எங்களுக்குள் கதைத்தபோது ஒரு நண்பர் கேட்டார்: "வாசிக்காம கையெழுத்து வைச்சது அவையின்ர பிழைதானே?" நியாயமான கேள்வி. சந்தோசமான உரிமையாளர்களும் இருக்கிறார்கள். ஒவ்வொரு வருசமும் அதே கடற்கரைக்குப் போய், அதே அயலவரோடு இருந்து தேநீர் குடிக்கிறதை விரும்புகிற குடும்பங்களுக்கு இது பொருந்தும். புதிதாக வாங்காமல் இன்னொருவரிடம் மிகக் குறைந்த விலைக்கு வாங்கினவர்களுக்குக் கணக்கும் ஓரளவு சரிவரும். டிஸ்னியின் விடுமுறைத் திட்டத்தில் 1991இல் விற்கத் தொடங்கின முதல் விடுதியின் ஒப்பந்தம் 2042 ஜனவரி 31ஆம் திகதியோடு முடிகிறது. முடிவு இருக்கிறது, அதனால் இரண்டாம் கை விலையும் ஓரளவு இருக்கிறது. எல்லாமே மோசம் என்று சொன்னால் அதுவும் பொய்தான்.

ஆனா "வாசிக்கவில்லை" என்கிற குற்றச்சாட்டை நாங்கள் ஏற்கமாட்டோம். நாலு மணித்தியாலம் கதைத்துக் களைத்த பிறகு, பிள்ளை பசிக்குது என்று அழுதுகொண்டிருக்கும்போது, கட்டுக் கட்டாக வாற தாளை ஆர் வாசிப்பார்? அந்தத் தாளிலேயே இன்னொரு வரி இருக்கும்: விற்பனையாளர் வாயால் சொன்ன எதுக்கும் கம்பனி பொறுப்பில்லை, எழுத்தில் இருக்கிறது மட்டும்தான் ஒப்பந்தம். நாலு மணித்தியாலம் வாயால் விற்றுவிட்டு, அந்த வாயை ஒரு வரியால் அழிக்கிறார்கள். வாசிக்காதவர் ஏமாறுகிற மாதிரி ஒரு அறையை வடிவாகத் திட்டம் போட்டுக் கட்டியவரை விட்டுவிட்டு, ஏமாந்தவரைப் பிடித்து மட்டும் கேள்வி கேட்கிறது என்ன நியாயம்?

சட்டங்களும் இதை ஒத்துக்கொள்கின்றன. புளோரிடாவில் கையெழுத்து வைத்து 10 நாளுக்குள் காரணம் சொல்லாமலே ரத்துச் செய்யலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 14 நாள், அந்த நாட்களுக்குள் ஒரு சதமும் வாங்கக்கூடாது. யோசிக்க நேரம் குடுக்காமல் விற்கிற பொருள் என்று தெரிந்தபடியால்தான் யோசிக்கிற நேரத்தைச் சட்டத்தில் எழுதி வைத்தார்கள். ஆனா விடுமுறைக்குப் போனவர் வீட்டுக்குத் திரும்பி, பெட்டியைத் திறந்து, அந்தத் தாளை மேசையில் வைத்து ஆறுதலாகப் பார்க்க முதலே பல நேரம் அந்த நாட்கள் போய்விடும். கையெழுத்துக்கு முந்தின அவசரத்தைச் சட்டம் தொட்டிருக்கிறது. 20 வருசத்துக்குப் பிறகு வெளியேற விரும்புகிறவரை இன்னும் சரியாகத் தொடவில்லை. ஸ்பெயின் மாதிரி உச்ச கால எல்லை வேணும். குறிப்பிட்ட வருசத்துக்குப் பிறகு, கடன் கட்டி முடித்தவர் தன்ர கிழமையைக் கம்பனியிடம் திருப்பிக் குடுக்கிற உரிமை வேணும். கம்பனி நல்ல மனதோடு குடுக்கிற சலுகையாக இல்லாமல், சட்டப்படியான உரிமையாக.

எங்களுக்கு ஏன் இது

எங்கட வகுப்பில் பாதிப் பேர் ஐ.ஈ.எல்.ரீ.எஸ். படிக்கிறார்கள். இன்னும் நாலைந்து வருசத்தில் எங்களில் பலர் டொரொண்டோவிலோ லண்டனிலோ மெல்பேர்னிலோ இருப்போம். முதல் சம்பளத்தில் ஊருக்குக் காசு அனுப்பி, கடனை அடைத்து, ஒரு நாளைக்கு ஒரு விடுமுறைக்கு வெளிக்கிடுவோம். அப்ப எங்களுக்கு முன்னாலும் இப்படி ஒரு மேசை வரும். எங்களில் சிலர் அந்த மேசையின் மற்றப் பக்கத்தில் தரகுக்கு வேலை செய்துகொண்டும் இருக்கலாம்.

அந்த மேசை எங்களிடம் உள்ள இரண்டு பழக்கத்தை நம்பி இருக்கும். ஒன்று, சொந்தமாக ஏதாவது வேணும் என்ற ஆசை. வீட்டையும் காணியையும் போரில் விட்டுவிட்டு ஓடின தலைமுறையின் பிள்ளைகளுக்கு அந்த ஆசை இருக்கிறதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. மற்றது, சாப்பாடு தந்து சிரித்துக் கதைத்தவரிடம் "வேண்டாம்" என்று சொல்ல முகம் விடாத பழக்கம். இரண்டும் நல்ல பழக்கங்கள்தான். அவற்றுக்கு விலை போட ஒருத்தரை விடத் தேவையில்லை.

ஆகவே டைம்ஷெயாருக்கு மட்டும் இல்லை, மாசக் கட்டணத்தில் வாற எந்த "உறுப்புரிமை"க்கும், கொழும்பில் விற்கிற எந்தப் "பங்கு முதலீட்டு"க்கும் மூன்று கேள்வியைக் கேட்போம். இது எந்தத் திகதியில் முடியும்? வருசக் கட்டணத்தைக் கூட்டுகிறது ஆர், அதை மறுக்க எங்களுக்கு வாக்கு இருக்கா? நாளைக்கு வேண்டாம் என்றால் இதை ஆரிடம், எப்படித் திருப்பிக் குடுக்கிறது? வாய்ப் பதில் வேண்டாம், எழுத்தில் காட்டச் சொல்லுவோம். மூன்றில் ஒன்றுக்காவது பதில் இல்லை என்றால், அல்லது "இன்றைக்கே சொல்லவேணும்" என்று பதில் வந்தால், காலைச் சாப்பாட்டுக்கு நன்றி சொல்லிவிட்டு எழும்பி வருவோம்.

வாங்கிவிட்டு ஒருத்தருக்கும் சொல்லாமல் கட்டிக்கொண்டிருக்கிற சித்தப்பாமாரும் மாமிமாரும் எங்கட குடும்பங்களில் இருக்கலாம். அடுத்த முறை வீடியோ அழைப்பில் "அங்க உங்களுக்கு வீடு இருக்காமே" என்று கேட்கிறதை விட்டு, அந்தத் தாளை ஒருக்கால் ஸ்கான் பண்ணி அனுப்பச் சொல்லிக் கேட்போம். ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்த நாலு பேர் இங்கே இருக்கிறோம்.